நாற்பத்தெட்டு கிலோவுக்குள்

ஒக்கலிபுரம், பெங்களூர்
12-6-1999

தங்கை மரகதத்துக்கு அக்கா தனக்கோடி எழுதுவது.

பெரியவன் மகன் ரவி டிப்ளமா முடித்து பீன்யாவில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அவன் தம்பி சீனு பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றெட்டு. பள்ளிக்கூடத்துப் பலகையில் பெயர் எழுதினார்கள். மகள் வீட்டு மமதா டைப்பிங்கில் லோயர், ஹையர் இரண்டும் ஒரே வருஷத்தில் பாஸ். சின்னவன் மகள் ரூபினி எடை தூக்கும் போட்டியில், நாற்பத்தெட்டு கிலோ உடம்புக்காரர்கள் பிரிவில், மாவட்டத்துக்கே முதலாவது. மெடலை நான் போட்டுப் பார்த்தேன், கனமாகத்தான் இருக்கிறது.

ரூபினி யார் என்று உனக்கு நினைவிருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் கடைசி மகன் கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோன பன்னிரண்டு வயசுப் பிள்ளை. மைன்ஸ் ஆபீசர்கள் வந்துவிட்டார்கள், இடம் வேண்டும் என்று அவளை இலையிலிருந்து எழுப்பினாயே, அவள். "இதுங்க வூட்ல போய் துன்னுக்கும்" என்றாய். சோற்றுக் கை காய்கிற வரைக்கும் தூணோரம் நின்றாள்.

நவம்பர் பதினாலாம் தேதி இங்கே மாநிலத் தேர்வு. ஒரு பிரிவுக்கு ஒரே பெண். தேர்வானால் தேசியப் போட்டி, பின்னால் ரயில்வேயில் வேலை. அவள் தாத்தா முப்பத்தாறு வருஷம் தண்டவாளத்தில் சுத்தியல் பிடித்த ரயில்வேயில் இவள் நாற்காலி போட்டு உட்காருவாள்.

உன் மூட்டுவலிக்கு எந்தத் தைலமும் கேட்கவில்லை என்று தம்பி ஜெயராமன் சொன்னான். பார்த்துக்கொள். பதில் எழுதவேண்டும் என்று இல்லை, தெரிவித்தேன்.

தனக்கோடி


சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்
4-7-1999

என் அன்பு அக்காவுக்கு மரகதம் வணக்கம்.

ஆறு வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுத்து இன்னும் அப்படியேதான், மேலே ஒன்று கீழே ஒன்று. மாமாவின் இருமல் நின்றதா? குழந்தைகளைப் பற்றிப் படித்துக் காட்டினேன், வீட்டுக்காரர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

கல்யாண வீடு என்றால் ஆயிரம் நடக்கும் அக்கா. அவர் சூப்பர்வைசராக இருந்தவர். தேடி வந்த ஆபீசர்களை நிற்கவைக்க முடியுமா? சின்னப் பிள்ளை மறந்தே போயிருக்கும், நீ ஏன் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாய்?

உனக்கு ஓர் அதிசயம் சொல்கிறேன். என் பேத்தி தீபிகாவும் இங்கே கிளப்பில் இரண்டு வருஷமாக எடை தூக்குகிறாள். அவளுக்கும் அதே தேர்வு, அதே நாற்பத்தெட்டு! ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவளை நான்தான் பத்திரிகை பார்த்து இறக்கிக்கொண்டு வருகிறேன். சோறு அடியோடு நிறுத்தியாயிற்று. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் வெள்ளரிக்காயும் மோரும், சாயங்காலம் ஓர் ஆப்பிள். எண்ணெய் கண்ணில் காட்டுவதில்லை. முட்டை சூடு, அதுவும் கிடையாது. இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறாள்.

போட்டிக்கு வந்தால் எங்கே தங்கவைப்பது என்பதுதான் கவலை. வயசுப் பெண்ணை லாட்ஜில் விட மனசில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது.

உன் தங்கை
மரகதம்


ஒக்கலிபுரம்
18-7-1999

மரகதத்துக்கு,

உன் மாமாவுக்கு இருமல் நின்று பீடி திரும்பவும் வந்துவிட்டது. என் கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் சர்க்கரை பார்த்துக்கொள்கிறாரா?

நான் ஐந்தாவதோடு நின்றவள், பத்திரிகை பார்த்துச் சோறு போடத் தெரியாது. ஆனால் ரூபினிக்குக் கற்றுக்கொடுக்கிற அர்ஜுனன் மாஸ்டர் என் அடுப்படிக்கே வந்தார். தட்டில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார்.

"ஆயா, இந்தப் பாதி களியோ சோறோ, மாவுச்சத்து. அது இல்லன்னா கம்பியத் தூக்கும்போது காலு உதறும். இந்தக் கால் பங்கு பருப்பு, கொள்ளு, முட்டை, மீனு. அது புரதம், சதையக் கட்டும். மிச்சம் காய், கீரை. எண்ணெயோ நெய்யோ ஒரு நாளைக்கு மூணு ஸ்பூன், அதுவும் வோணும். ஒண்ணக் கொறச்சா அதோட வேலைய இன்னொண்ணு செய்யாது."

"அளந்து போட இது இன்னா ரேஷன் கடையா?" என்றேன்.

"ரேஷன் கடைல எடை கொறையும், உன் கையில கொறையக் கூடாது" என்றார். அன்றிலிருந்து ஸ்பூன் பிடித்துத்தான் தாளிக்கிறேன். நாலு மாதத்தில் ரூபினி எடை ஏறாமல் பத்து கிலோ கூடுதலாகத் தூக்குகிறாள்.

லாட்ஜ் எதற்கு? நான் என்ன செத்தா போய்விட்டேன்? தீபாவளி கழித்து ஒன்பதாம் தேதியே தீபிகாவை ரயிலேற்றிவிடு. வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே. நாலு நாள் பெரியாயா கையால் சாப்பிடட்டும். உறவென்று எதற்கு இருக்கிறோம்?

தனக்கோடி


ஒக்கலிபுரம்
25-7-1999

தம்பி ஜெயராமனுக்கு அக்கா ஆசீர்வாதம்.

சந்தாபுராவில் மழை பிடித்ததா? உன் கண் ஆபரேஷனை ஆடி போனதும் வைத்துக்கொள்.

ஒரு விஷயம் உனக்கு மட்டும். படித்ததும் அடுப்பில் போடு. மரகதத்தின் பேத்தி என் வீட்டில் வந்து தங்கப் போகிறாள். நானே கூப்பிட்டேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே.

போட்டி அன்று காலையில் உடம்பை நிறுப்பார்கள். நாற்பத்தெட்டுக்கு மேல் ஒரு கைப்பிடி அதிகம் என்றாலும் அந்தப் பிரிவில் கம்பியைத் தொடவே விடமாட்டார்கள். அர்ஜுனன் மாஸ்டர் சொன்னார்: "போட்டி வாரத்துல ஊறுகா ஜாடியப் பூட்டி வையி ஆயா. உப்பு, அப்பளம், அளவுக்கு மேல சோறு, வெல்லம் எல்லாம் தண்ணியப் புடிச்சு வெச்சிக்கும். நாலே நாள்ல ஒண்ணரை கிலோ ஏறிடும்." இந்த வார்த்தையை மரகதத்துக்கு எழுதவில்லை.

நான் விஷம் வைக்கப் போவதில்லை, விருந்து வைக்கப் போகிறேன். வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஏன் சோறு போட்டாய் என்று உலகத்தில் யார் கேட்பார்கள்? என் பிள்ளையை அவள் இலையிலிருந்து எழுப்பினாள். அவள் பிள்ளையை நான் தராசிலிருந்து இறக்குவேன். நாலு பேர் பார்க்க இறக்குவேன்.

தனக்கோடி


சந்தாபுரா
2-8-1999

அக்காவுக்கு,

நலம். கண் ஆபரேஷன் ஐப்பசிக் கடைசியில்தான். இது கார்டு, போஸ்ட்மேன் படிப்பார், அதனால் விவரமாக எழுத முடியாது. நீ எழுதிய விருந்து வேண்டாம். அந்தப் பிள்ளை அங்கே பட்டினி. விட்டுவிட்டால் தானாகவே தோற்கும். நீ எதற்குக் கையை அழுக்காக்கிக்கொள்கிறாய்? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ஜெயராமன்


சாம்பியன் ரீஃப்
30-10-1999

அன்பு அக்காவுக்கு,

தீபாவளிச் சாமான் வாங்கியாயிற்றா? மாமாவுக்குக் குளிர் ஆரம்பிக்கிறது, சால்வை போர்த்தச் சொல்.

தீபிகா ஒன்பதாம் தேதி மாரிக்குப்பம் வண்டியில் வருகிறாள். இப்போது நாற்பத்தெட்டரை, அங்கே வருவதற்குள் சரியாகிவிடும். போன வாரம் கிளப்பில் தலைசுற்றி உட்கார்ந்தாளாம், வெயில்தான். முன்னால் தூக்கிய எடையில் ஐந்து கிலோ குறைத்துத் தூக்குகிறாள், பயம்தான், வேறொன்றும் இல்லை.

அக்கா, அவள் கேட்டாலும் கொடுக்காதே. உன் கை தாராளம், எனக்குத் தெரியும். இரண்டு இட்லிக்கு மேல் வைக்காதே. இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டேன். உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்.

மரகதம்


ஒக்கலிபுரம்
11-11-1999

மரகதத்துக்கு,

தீபிகா பத்திரமாக வந்து சேர்ந்தாள். நம் அம்மாவின் நெற்றி. கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். நீ சொன்னபடி காலையில் இட்லி இரண்டுதான் வைத்தேன். தீபாவளிப் பலகாரம் வீட்டில் இருக்கிறது, கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒன்றுகூடக் கொடுக்காவிட்டால் எனக்குத்தான் பாவம். நல்ல பெண், தட்டைத் தானே கழுவுகிறாள். நிம்மதியாகத் தூங்கு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தனக்கோடி


ஒக்கலிபுரம்
17-11-1999

தம்பி ஜெயராமனுக்கு,

கட்டுப் பிரித்தார்களா? எழுத்து தெரிகிறதா? தெரியாவிட்டால் மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, தெரிகிற வரைக்கும் வைத்திரு.

நாலு நாளும் இரண்டு பானை வைத்தேன். ரூபினிக்குக் களி, கொள்ளுச் சாறு, முட்டை, எல்லாம் கோட்டுக்குள்ளே. தீபிகாவுக்கு நெய் ஊற்றிய சோறு, கருவாட்டுக் குழம்பு, அப்பளம், எலுமிச்சை ஊறுகாய், அதிரசம். ரூபினி பயிற்சிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பரிமாறினேன். அந்தப் பெண் தலை நிமிராமல் சாப்பிட்டாள். "போதும்" என்று ஒரு தடவை சொல்லவில்லை. எனக்கே கை நின்றது, ஆனால் கரண்டியை வைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ரூபினி சீக்கிரம் வந்துவிட்டாள். ஊறுகாய் ஜாடியைப் பார்த்தாள்.

"ஆயா, இத நீதான பூட்டி வெச்ச? அவளுக்கு எதுக்குப் போட்ட?"

"விருந்தாளிடி. ஆசையாக் கேட்டா."

"அவ கேட்டாளா, நீ போட்டியா?"

ஜாடியை மூடி வைத்தேன். பிறகு சொன்னேன். "உன்ன எலையிலருந்து எழுப்பினவளோட பேத்திடி இவ."

"எழுப்பினது இவளா? அன்னிக்கு இவளுக்கும் பன்னெண்டு வயசுதான். சோத்துல கை வெச்சுட்ட ஆயா நீ. இனிமே எனக்கு உன் சோறு வோணாம்."

சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் களி கிண்டி, தட்டில் கோடு பார்த்து வைத்தேன், தாண்டிப் போனாள். கடையில் இரண்டு பன், ஒரு டீ. அவ்வளவுதான் அவள் வயிற்றில்.

நிறுக்கிற அறைக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே எடை பார்க்கிற அம்மாள் தீபிகாவிடம் கன்னடத்தில் கத்தியது கேட்டது. நாற்பத்தொன்பது கிலோ முந்நூறு கிராம். "ஜாஸ்தி ஆய்த்தம்மா, இளீரி கெளகே!" இறங்கு கீழே. ஆறு வருஷம் நான் காத்திருந்த வார்த்தை, தம்பி. வாயில் அதிரசம் கரைகிற மாதிரி இருந்தது.

தீபிகா வெளியே வந்தாள். அழவில்லை. ஒரு ஆபீசர் வந்து, "அம்பத்திமூணு கிலோ பிரிவுல ஆளு கம்மியா இருக்கு, தூக்கறியாம்மா?" என்றார். "தூக்கறேன் சார்" என்றாள்.

தூக்கினாள். ஊரில் ஐம்பத்தைந்தில் தடுமாறியவள் ஒரே இழுப்பில் அறுபதைத் தலைக்கு மேல் கொண்டுபோனாள். நெஞ்சில் நிறுத்தித் தூக்குகிற அடுத்த முறையில் எழுபத்தேழரை. கால் தூண் மாதிரி நின்றது. நான் போட்ட சோறு நிற்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐம்பத்து மூன்றில் அவள்தான் முதலாவது.

ரூபினி கடைசித் தடவை எழுபத்தைந்தை நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்தாள். பயிற்சியில் பத்துத் தடவை தூக்கிய எடை. கால் உதறியது. கம்பி பலகையில் விழுந்த சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். தாவணகெரேப் பெண் இரண்டரைக் கிலோ வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

"காலைல இன்னாம்மா துன்ன?" என்றார் மாஸ்டர்.

"பன்னு சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆயா, நீயா?" என்றார். காய்ச்சல் என்று சொன்னேன். ரூபினி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் தேவலை.

மரகதத்துக்கு நான் எழுதவில்லை. நீயும் எழுதாதே. கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

தனக்கோடி


சாம்பியன் ரீஃப்
5-12-1999

அக்காவுக்கு,

நீ எழுதுவாய் என்று பார்த்தேன். எழுதவில்லை. மாமா எப்படி இருக்கிறார்?

தீபிகா எல்லாம் சொன்னாள். சனிக்கிழமை ரூபினி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "தீபி, அந்தச் சோத்தத் துன்னாத. ஆயா வோணும்னே போடுது" என்றாளாம். இவள், "தெரியும் ரூபி. நாலு மாசமாப் பசிக்குது. போடட்டும்" என்றாளாம்.

உன்னைச் சபித்தேன் அக்கா. பொய் சொல்லவில்லை, நாலு நாள் வாய்க்கு வந்தபடி சபித்தேன். என்னை நம்பவைத்துக் கழுத்தை அறுத்தாய். ஐந்தாம் நாள் தீபிகா அடுப்படியில் தானே உலை வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "பசிக்குதுன்னு எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னேன் பாட்டி. நீ ஆப்பிள் குடுத்த" என்றாள். அதற்கப்புறம் உன்னைத் திட்ட வாய் வரவில்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன். கல்யாணத்தன்று வந்த ஆபீசர்கள் சாப்பிடவில்லை. பாக்கை எடுத்துக்கொண்டு நின்றபடியே போய்விட்டார்கள். அந்தப் பந்தியில் ரூபினியின் இடத்தில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. பிசைந்த சோற்றோடு அந்த இலையை நான்தான் மடித்தேன். வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை. என்னை மன்னித்துக்கொள் அக்கா.

ஜனவரி கடைசியில் தேசியப் போட்டி. அதுவரை அர்ஜுனன் மாஸ்டரிடம் பழக வேண்டும், பெரியாயா வீட்டில்தான் இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். என் கைச் சாப்பாடு இறங்கவில்லையாம். அனுப்பட்டுமா?

மரகதம்


ஒக்கலிபுரம்
20-12-1999

மரகதத்துக்கு,

உன் மாமா நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்காலும் உன் வீட்டுக்காரர் சர்க்கரையும் எப்படி?

அனுப்பு. ஐம்பத்து மூன்று கிலோவுக்கு எப்படிப் போட வேண்டும் என்று மாஸ்டரிடம் கேட்டுவிட்டேன். களி ஓர் உருண்டை கூட, முட்டை மூன்று, மத்தியானம் மீன், எண்ணெய் நாலு ஸ்பூன். ஊறுகாய் கிடையாது. இந்தத் தடவை அவளுக்கும் கோடு போட்ட தட்டுதான். நீ பழம், பிஸ்கட் என்று ஒன்றும் கொடுத்தனுப்பாதே. இங்கே இருக்கிறவரை அவள் வாய்க்குள் போவது என் கையால் மட்டும்தான்.

மன்னிப்பு என்று எழுதியிருந்தாய். படித்தேன். இன்லேண்டு லெட்டரில் எழுதினால் நான் ஒருத்திதான் படிப்பேன் மரகதம். பந்தியில் இருநூறு பேர் இருந்தார்கள். அதனால் அந்த வார்த்தையை எனக்கு அனுப்பாதே, வைத்திரு. ரூபினிக்குக் கல்யாணம் என்று ஒன்று வரும். அங்கே சபையில் வந்து அவளிடம் சொல். கேட்பதும் கேட்காததும் அவள் இஷ்டம்.

நான் செய்ததை மறைக்கவில்லை. உன் பேத்தியை அவமானப்படுத்தத்தான் சோறு போட்டேன். அது அவளைத் தூக்கி நிறுத்திவிட்டது. அதற்காக நான் நல்லவள் ஆகிவிட மாட்டேன், நீயும் அப்படி யாரிடமும் சொல்லாதே. ஆனால் ஒன்று. சோறு என் சோறு. இனிமேல் உன் பேத்தி தூக்கும் ஒவ்வொரு கிலோவும் என் அடுப்பில் வெந்தது. நீ தங்கவயல் முழுக்க மார்தட்டிக்கொள், கடைசியில் யாராவது ஒருத்தர் "எந்த ஊட்டுச் சாப்பாடு?" என்று கேட்பார். அப்போது நீ என் பேரைத்தான் சொல்ல வேண்டும். சாகிற வரைக்கும் சொல்ல வேண்டும்.

ரூபினி சுகம். அடுத்த வருஷத் தேர்வுக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டாள். தன் தட்டைத் தானே போட்டுக்கொள்கிறாள், அளவும் தானே பார்க்கிறாள். பெரிய பெண் ஆகிவிட்டாள், எனக்கும் வேலை மிச்சம்.

தீபிகா வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். மெடல் கழுத்தில் தெரிய, முழு உருவமாக ஒரு புதுப் போட்டோ எடு. ஸ்டூடியோக்காரன் கன்னத்தை ஒட்டிக் காட்டினால் திருப்பி எடுக்கச் சொல். கண்ணாடி போட்டு, எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு எதிரே மாட்டப் போகிறேன். தபாலில் அனுப்பும்போது கவருக்குள் அட்டை வைத்து அனுப்பு, மூலை மடங்கக் கூடாது.

தனக்கோடி